கார் ஏசி ஒரு பக்கம் ஜில்லு, ஒரு பக்கம் சூடு: கேஸ் போடறதுக்கு முன்னாடி நீங்களே பாக்க வேண்டியது எல்லாம்

போன வருஷம் ஏப்ரல்ல அம்மாவ கூட்டிட்டு தர்மபுரி போயிட்டு திரும்பி வர்றப்பதான் இது ஆரம்பிச்சது. தொப்பூர் கணவாய் இறங்கி வந்துட்டு இருக்கோம், இடது சீட்டுல உக்காந்திருந்த அம்மா முந்தானைய எடுத்து காதோட சேத்து போத்திக்கிட்டு "ஏசிய கொஞ்சம் குறைடா, கழுத்தெல்லாம் பிடிச்சுக்குது"ன்றாங்க, ஸ்டியரிங் பிடிச்சிருக்கற எனக்கு சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு வேர்வை வழியுது. ஒரே கார், ரெண்டு பக்கமும் 22 டிகிரின்னுதான் செட் பண்ணி இருக்கு. வடக்க இருந்து சேலம் வர்றப்ப சாயங்கால வெயில் நேரா டிரைவர் பக்கம்தான் அடிக்கும், அதனாலதான் போலன்னு விட்டுட்டேன். ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு அஞ்சு ரோடு பக்கம் போனப்பவும் அதே கதை, அப்பதான் வெயில் மேல பழி போட முடியாதுன்னு புரிஞ்சது.

ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பானட்ட திறந்து பிரஷர் கேஜ மாட்டி "கேஸ் கம்மி தம்பி, டாப்-அப் பண்ணிட்டா சரியாயிடும்"னாரு, பண்ணினாரு, சரியாச்சு. மூணு வாரம். அப்புறம் மறுபடியும் அம்மாவுக்கு குளிர், எனக்கு வேர்வை. இப்படியே மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ரூபா. மூணாவது தடவைக்கு அப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா படிச்சு, அளந்து, ஒவ்வொன்னா கழிச்சுப் பாத்து கண்டுபிடிச்சேன். அந்த மொத்த வேலையையும் வரிசையா இங்க எழுதறேன், உங்க வீட்டு வண்டிக்கு யாராவது ஒருத்தராவது இத பாத்துட்டு கேஸ் போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அளந்து பாத்தா போதும் எனக்கு.

முதல்ல ரெண்டு தெர்மாமீட்டர் வாங்குங்க

கையை வெண்ட்டுல வச்சு "இது ஜில்லு, இது கம்மி"ன்னு சொல்றது எதுக்கும் உதவாது, கை ஏமாத்தும். மீன் தொட்டி சாமான் விக்கற கடையில ஒயர் வச்ச சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், ரெண்டு வாங்கிக்கங்க. ரெண்டையும் ஒரே டம்ளர் தண்ணில போட்டு ஒரே நம்பர் காட்டுதான்னு பாருங்க, அரை டிகிரி வித்தியாசம் இருந்தா எது கூட காட்டுதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. அப்புறம் ஒயர் முனைய இடது வெண்ட்டுக்குள்ள ஒன்னு, வலது வெண்ட்டுக்குள்ள ஒன்னு, பிளாஸ்டிக்க தொடாத மாதிரி டேப் போட்டு நிறுத்துங்க.

அளக்கற நேரமும் இடமும் முக்கியம். சேலத்துல மதியம், வெளிய 35 டிகிரிக்கு மேல இருக்கறப்ப, நிழல்ல வண்டிய நிறுத்தி, கதவெல்லாம் மூடி, ரீசர்குலேஷன் ஆன், புளோயர் நடு ஸ்பீடு, ரெண்டு பக்கமும் டெம்பரேச்சர் 'லோ', இஞ்சின 1500 ஆர்பிஎம் கிட்ட வச்சு ஒரு பத்து நிமிஷம். ஏற்காட்டுல வச்சு அளக்காதீங்க, 1500 மீட்டர் உயரத்துல காத்தே குளிரா இருக்கும், நோஞ்சான் ஏசி கூட அங்க நல்லா இருக்கற மாதிரி நடிக்கும். நல்லா இருக்கற ஏசி சேலம் வெயில்லயும் 6ல இருந்து 10 டிகிரிக்குள்ள காத்து தரணும், ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ரெண்டு மூணு டிகிரி இருந்தா பரவால்ல, அஞ்ச தாண்டினா ஏதோ இருக்கு. என் வண்டில இடது 9.5, வலது 18.

'லோ'ல வைக்க சொன்னதுக்கு காரணம் இருக்கு. ஆட்டோல விட்டா கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு சென்சார பாத்து சூட்டையும் குளிரையும் கலக்கும், அப்ப நீங்க அளக்கறது கோளாறயா கம்ப்யூட்டர் முடிவையான்னு தெரியாது. 'லோ'ன்னா கலப்பே கூடாது, முழு குளிர் மட்டும்.

காத்து வித்தியாசமா, குளிர் வித்தியாசமா

நிறைய பேர் இத குழப்பிக்கறாங்க. ஒரு டிஷ்யூ பேப்பர நீளமா கிழிச்சு ஒவ்வொரு வெண்ட்டு முன்னாடியும் பிடிங்க, ஒரே மாதிரி பறக்கணும். ஒரு பக்கம் மட்டும் சோர்ந்து தொங்கினா அது கேஸ் பிரச்சனையே இல்ல, காத்து வர்ற வழி பிரச்சனை. மியூசிக் சிஸ்டம் மாத்தறப்ப டேஷ்போர்ட கழட்டி மாட்டினவங்க உள்ள இருக்கற பிளாஸ்டிக் டக்ட்ட சரியா சொருகாம விட்டிருப்பாங்க, குளிர் எல்லாம் டேஷ்போர்டு உள்ளயே போயிட்டு இருக்கும். எஸ்டேட் பக்கம், மரத்தடில நாள் கணக்குல நிக்கற வண்டிங்கள்ல வைப்பருக்கு கீழ இருக்கற கிரில் வழியா சில்வர் ஓக் இலை இறங்கும், எலி கூடு கட்டும், இது ரெண்டும் கண்ணால பாத்தது.

எல்லா வெண்ட்டுலயுமே காத்து கம்மின்னா குளோவ் பாக்ஸ கழட்டி பின்னாடி இருக்கற கேபின் ஃபில்டர உருவி பாருங்க. நம்ம ஊர் புழுதிக்கு கம்பெனி சொல்ற கிலோமீட்டர் கணக்கெல்லாம் சரிவராது, வெயில் காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறது நல்லது. திரும்ப போடறப்ப ஃபில்டர் மேல இருக்கற அம்புக்குறி காத்து போற திசைய பாத்து இருக்கணும்.

இன்னொன்னு, ஆரம்பத்துல காத்து நல்லா வந்து ஒரு மணி நேரம் ஓட்டினதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு போய், டீ குடிக்க நிறுத்தி இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தா மறுபடி நல்லா வருதுன்னா டேஷ்போர்டுக்குள்ள காத்த குளிர வைக்கற கூலிங் காயில் ஐஸ் கட்டுதுன்னு அர்த்தம். நிறுத்தின இடத்துல வண்டிக்கு அடியில வழக்கத்த விட பெரிய தண்ணி தேங்கல் இருக்கும், பாருங்க. காயில்ல சொருகி இருக்கற டெம்பரேச்சர் சென்சார், காயில் மூணு நாலு டிகிரிக்கு வந்தா கம்ப்ரசர (கேஸ அழுத்தி சுத்த விடற பம்ப்) நிறுத்தணும், அது இடம் மாறி இருந்தாலோ செத்திருந்தாலோ நிறுத்தாது. ஃபில்டர் அடைச்சிருந்தாலும் கேஸ் கம்மியா இருந்தாலும் கூட இப்படி ஆகும்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் சூடாகுது

இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும், அதனால இங்க கொஞ்சம் நிதானமா படிங்க.

டேஷ்போர்டுக்குள்ள கூலிங் காயில் ஒன்னே ஒன்னுதான், ரெண்டு பக்கமும் தனித்தனியா டெம்பரேச்சர் வைக்கற வண்டியிலயும் ஒன்னுதான். மொத்த காத்தும் அது வழியா குளிர்ந்து வரும், அதுக்கு பின்னாடி ஹீட்டர் காயில் இருக்கும், இஞ்சின் சுடுதண்ணி அதுல எப்பவும் ஓடும். எவ்வளவு காத்து ஹீட்டர் வழியா போகணும்னு முடிவு பண்றது ஒரு பிளாஸ்டிக் கதவு, பிளெண்ட் டோர்னு சொல்லுவாங்க, மெக்கானிக் பாஷையில ஃபிளாப். டூயல் ஸோன் வண்டில இந்த ஃபிளாப் இடதுக்கு ஒன்னு வலதுக்கு ஒன்னு. ஒவ்வொன்னையும் திருப்பறது ஒரு சின்ன மோட்டார், ஆக்சுவேட்டர்.

ஆக ஒரு பக்கம் சூடா வர்றதுக்கு பெரிய காரணம் ரெண்டு. ஒன்னு, அந்த பக்க ஃபிளாப் சரியா மூடாம ஹீட்டர் சூடு கலக்குது. இன்னொன்னு, கேஸ் கம்மியாகி காயிலோட ஒரு பாதி மட்டும் குளிருது. ரெண்டாவதுதான் நிறைய பேருக்கு நம்பிக்கை வராது, கேஸ் கம்மின்னா ரெண்டு பக்கமும்தான குறையணும்னு கேப்பாங்க. மேட்டூர் வாய்க்கால நினைச்சுப் பாருங்க, தண்ணி குறைச்சு விட்டா தலைமடை நல்லா நனையும், கடைமடை காயும். காயில்லயும் திரவமா உள்ள வர்ற கேஸ் ஆவியாகிட்டே போறப்பதான் குளிர் எடுக்கும், அளவு கம்மியா இருந்தா பாதி வழியிலயே முழுசும் ஆவியாயிடும், மீதி பாதிக்கு குளிர வைக்க எதுவும் மிச்சம் இருக்காது. தலைமடை பக்கம் இருக்கற வெண்ட்டு ஜில்லுன்னு இருக்கும், கடைமடை பக்கம் வெதுவெதுன்னு வரும். எந்த பக்கம் தலைமடைங்கறது காருக்கு கார் மாறும்.

அறிகுறி ஒன்னு, வியாதி ரெண்டு. பிரிக்கறதுக்கு காசு செலவில்லாத ரெண்டு சோதனை இருக்கு.

சோதனை ஒன்னு: ஹீட்டர்

ஏசிய ஆஃப் பண்ணிட்டு, இஞ்சின் நல்லா சூடானதும் ரெண்டு பக்கமும் 'ஹை' வைங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு வெண்ட்டும் நல்லா சுடணும், கிட்டத்தட்ட சமமா. அப்புறம் ரெண்டையும் 'லோ'வுக்கு கொண்டு வாங்க, ரெண்டும் சேந்து இறங்கணும். அப்படி ஏறி இறங்கினா ரெண்டு ஃபிளாப்பும் வேலை செய்யுது, சந்தேகம் கேஸ் பக்கம் போகும். ஒரு பக்கம் எதுல வச்சாலும் அதே சூட்டுல நின்னா ஃபிளாப்போ ஆக்சுவேட்டரோதான்.

சோதனை ரெண்டு: ஆர்பிஎம்

ஏசிய 'லோ'ல ஓட விட்டு, ஐடில்ல ரெண்டு பக்கமும் எவ்வளவுன்னு எழுதிக்கங்க. ஒருத்தர ஆக்சிலரேட்டர 2000ல பிடிக்க சொல்லி மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி எழுதுங்க. ரெண்டு பக்க வித்தியாசம் குறைஞ்சா கேஸ் கம்மிங்கற பக்கம் சாயும், ஏன்னா கம்ப்ரசர் வேகமா சுத்தறப்ப இருக்கறத வச்சு கொஞ்சம் கூட இழுக்கும். வித்தியாசம் அப்படியே நின்னா ஃபிளாப் பக்கம் சாயும். என் வண்டில வலது பக்கம் 18ல இருந்து 14க்கு இறங்கிச்சு, ஹீட்டர்லயும் ரெண்டு பக்கமும் சமமா சுட்டுச்சு. மூணு தடவை கேஸ் போட்டவரு சொன்னது பொய் இல்ல, கேஸ் கம்மிதான், ஆனா எங்க போச்சுன்னு அவரும் தேடல நானும் கேக்கல. கார் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகற சாமான் இல்ல. மூணு வாரத்துல கம்மியாச்சுன்னா ஓட்டை இருக்கு, அவ்வளவுதான்.

கேஸ் கம்மின்னு தெரிஞ்சா

இங்க ஒரு பெரிய தப்ப சொல்லியே ஆகணும். வண்டி ஆஃப்ல இருக்கறப்ப கேஜ மாட்டி "100 பிஎஸ்ஐ காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்கு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. கார் ஏசியில போடற ஆர் 134ஏ கேஸ், 30 டிகிரியில சும்மா இருந்தாலே 97 பிஎஸ்ஐ கிட்ட காட்டும், 35 டிகிரியில 114, உள்ள ஒரு ஸ்பூன் திரவம் மிச்சம் இருந்தாலும் அதே நம்பர்தான். வீட்டு சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு அடுப்பு எரியறத வச்சா சொல்றோம், தூக்கிப் பாத்து எடைய வச்சுதான. இதுவும் அப்படித்தான். பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உங்க வண்டிக்கு எத்தனை கிராம்னு போட்டிருக்கும், அந்த எடைக்கு தராசு வச்சு போடறதுதான் ஒரே சரியான வழி. கூட போட்டாலும் கூலிங் குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. அதே ஸ்டிக்கர்ல எந்த கேஸ்ங்கறதும் இருக்கும், சில புது வண்டிங்கள்ல ஆர் 1234ஒய்எஃப், அத இதோட கலக்கவே கூடாது.

வண்டி ஓடறப்ப எடுக்கற ரீடிங் ஓரளவு பேசும். வெளிய 35 டிகிரி வாக்குல லோ பக்கம் (கம்ப்ரசருக்குள்ள கேஸ் போற பைப்) 25ல இருந்து 40, ஹை பக்கம் (கம்ப்ரசர்ல இருந்து வெளிய வர்ற பைப்) 200ல இருந்து 250 பிஎஸ்ஐ வந்தா பொதுவா சரி. ரெண்டும் கம்மின்னா கேஸ் கம்மி. ரெண்டும் கூடன்னா கேஸ் அதிகம், இல்ல கண்டென்சர்ல (ரேடியேட்டருக்கு முன்னாடி நின்னு கேஸோட சூட்ட வெளிய விடற காயில்) புழுதி, இல்ல ஃபேன் சுத்தல. லோ கூட, ஹை கம்மின்னா கம்ப்ரசர் தளர்ந்துருச்சு. லோ பக்கம் கீழ போயி கிட்டத்தட்ட சைபர தொட்டா எங்கயோ அடைப்பு, பெரும்பாலும் கூலிங் காயிலுக்குள்ள கேஸ அளவா விடற எக்ஸ்பான்ஷன் வால்வு, அடைப்பு இருக்கற இடத்துல பைப் மேல பனி பூத்திருக்கும்.

ஓட்டைய தேடறதுக்கு முதல் கருவி கண்ணு. கேஸ் வெளிய வர்றப்ப கம்ப்ரசர் ஆயிலும் கூட வரும், அது புழுதிய பிடிச்சுக்கும். நான் முன் பம்பர் கிரில்லுக்குள்ள டார்ச் அடிச்சு கண்டென்சர பாத்தேன், முழுசும் காஞ்ச வெள்ளை புழுதி, வலது கீழ் மூலையில மட்டும் ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரமா கருப்பா ஒரு திட்டு. அத துணியில துடைச்சதும் நடுவுல ஒரு ஃபின் (மெல்லிசு தகடு) மடங்கி, அதுக்கு பின்னாடி டியூப்ல கடுகு அளவு ஒரு அடி. ஜல்லிக்கல் அடிச்சது. ஷாம்புவ தண்ணில கரைச்சு பிரஷ்ல தொட்டு வச்சேன், முதல்ல ஒன்னுமே இல்ல, விட்டுட்டு எந்திரிக்க போனேன், ஒரு நிமிஷம் கழிச்சு குண்டூசி தலை மாதிரி ஒரு நுரை எழும்பி மெதுவா பெருசாச்சு. அந்த நுரைக்குள்ளதான் ஆறாயிரம் ரூபா போயிருந்தது.

கண்ணுக்கு தெரியலன்னா கேஸ் அடிக்கற வால்வு ரெண்டையும் பாருங்க, மூடிய கழட்டி ஒரு சொட்டு சோப்பு தண்ணி விடுங்க. அந்த மூடி வெறும் தூசிக்கு இல்ல, அதுவும் ஒரு சீல், பல வண்டில அது காணாம போயிருக்கும். அடுத்து பைப் ஜாயிண்ட்ல இருக்கற ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், கம்ப்ரசர் ஷாஃப்ட் பக்கம். அப்பவும் கிடைக்கலன்னா யூவி டை (யூவி லைட்ல ஒளிரற சாயம்) போட்டு சில நாள் ஓட்டி லைட் அடிச்சு பாக்க சொல்லுங்க, இல்ல கேஸ எடுத்துட்டு நைட்ரஜன் ஏத்தி பிரஷர் நிக்குதான்னு பாக்க சொல்லுங்க. கூலிங் காயில் ஓட்டைதான் கஷ்டம், டேஷ்போர்ட இறக்கணும், அதனால அத முடிவு பண்றதுக்கு முன்னாடி தண்ணி வடியற டியூப் வாயில லீக் டிடெக்டர் வச்சு உறுதி பண்ணிட்டு கை வைக்க சொல்லுங்க.

ஓட்டைய அடைச்சதுக்கு அப்புறம் நடக்க வேண்டியது: புது ஓ-ரிங், லைன் ரொம்ப நேரம் திறந்து கிடந்திருந்தா ஈரத்த உறிஞ்சற ட்ரையரும் புதுசு, அரை மணி நேரத்துக்கு குறையாம வேக்கம் (பம்ப் வச்சு லைன்ல இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சறது), பம்ப்ப நிறுத்திட்டு இருபது நிமிஷம் முள்ளு நகருதான்னு பாக்கறது, அப்புறம் எடை வச்சு கேஸ். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. சேலத்துல நல்ல வேக்கம் கேஜ்ல 29 இஞ்சு (பாதரச அளவு) கிட்ட காட்டும், ஏற்காட்டுல வச்சு போட்டா எவ்வளவு நல்ல பம்ப்பா இருந்தாலும் 25 இஞ்சு கிட்டதான் நிக்கும், மேல காத்தழுத்தமே அவ்வளவுதான், அங்க யாராவது பம்ப் சரியில்லன்னு சொன்னா நம்பாதீங்க.

ஓட்டை அடைக்கற மருந்துன்னு விக்கற கேன்கள போடாதீங்க, அது வால்வையும் அடைக்கும், ஒர்க்‌ஷாப் மெஷினையும் கெடுக்கும். விலை ரொம்ப கம்மியா தர்ற கேஸ்ல எரியற கேஸ் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, கேபினுக்குள்ள கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. கேஸ் லைன நீங்களா கழட்டாதீங்க, மைனஸ் 26 டிகிரியில கொதிக்கற திரவம் அது, கண்ணுல பட்டா பார்வை போகும். பழைய கேஸ வெளிய திறந்து விடவும் விடாதீங்க, பூமிய சூடாக்கறதுல கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல மோசம் அது, மெஷின்ல உறிஞ்சி எடுக்கற இடமா பாத்து போங்க.

ஃபிளாப் பக்கம்னு தெரிஞ்சா

கண்டென்சர மாத்தி என் வண்டி சரியான ரெண்டு மாசத்துல எங்க மாமா, அம்மாவோட தம்பி, அம்மாபேட்டையில இருந்து போன் பண்ணி "மாப்ள, என் வண்டிலயும் அதே பிரச்சனைடா, கேஸ் போட்டுடவா"ன்னாரு. வேணாம் மாமா, வண்டிய கொண்டாங்கன்னேன். அதே தெர்மாமீட்டர், இடது 8, வலது 29. ஆர்பிஎம் ஏத்தினா இடது 6, வலது அதே 29. 'ஹை' வச்சா இடது நல்லா சுடுது, வலது அசையல. சாவி போட்டதும் ஸ்டியரிங்குக்கு கீழ இருந்து டிக் டிக் டிக்னு ஒரு பத்து செகண்டு சத்தம், மாமா அத கடிகாரம்னு நினைச்சுட்டு இருந்திருக்காரு.

அந்த சத்தம்தான் ஆக்சுவேட்டர் பல் உடைஞ்சதோட அடையாளம். டிரைவர் பக்கம் இருக்கறது பெரும்பாலும் டிரைவரோட இடது காலுக்கு மேல நடு கன்சோல் ஓரமா இருக்கும், இடது பக்கத்துது குளோவ் பாக்ஸ் பின்னாடி. ரெண்டு மூணு ஸ்க்ரூதான், ஆனா கை போக இடம் இருக்காது, தலைகீழா படுத்துதான் கழட்டணும். கழட்டினதும் ஃபிளாப் தண்ட கையால மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பி பாருங்க. லேசா திரும்பி காத்தோட சூடு மாறினா ஃபிளாப் நல்லா இருக்கு, கோளாறு ஆக்சுவேட்டர்லயோ ஒயரிங்லயோ. தண்டு சுத்திக்கிட்டே இருந்தும் சூடு மாறலன்னா ஃபிளாப்பே உடைஞ்சு போச்சு, அது பெரிய வேலை.

மாமா வண்டி ஆக்சுவேட்டர டேபிள் மேல வச்சு மூடிய திறந்தேன். உள்ள தீப்பெட்டி அளவு இடத்துல ஒரு குட்டி மோட்டார், அதோட நாலு வெள்ளை பிளாஸ்டிக் பல்சக்கரம், கிரீஸ்ல ஊறிக்கிட்டு. கடைசி சக்கரத்துல ரெண்டு பல்லு மழுங்கி, உடைஞ்ச துண்டு கிரீஸ்ல அரிசி நொய் மாதிரி ஒட்டிட்டு இருந்தது. ஒவ்வொரு தடவை அந்த இடம் வர்றப்பவும் சக்கரம் வழுக்கி டிக்னு அடிக்குது. பல்ல ஒட்டி ஓட்டலாம்னு பாக்காதீங்க, முழுசா மாத்திடுங்க.

சந்தேகமா இருந்தா, இடது வலது ரெண்டு ஆக்சுவேட்டரும் ஒரே பார்ட் நம்பரா இருந்தா மாத்தி மாட்டி பாருங்க. கோளாறு இடம் மாறினா ஆக்சுவேட்டர், அங்கயே நின்னா ஒயரிங் இல்ல கண்ட்ரோல் யூனிட். அஞ்சு ஒயர் வர்ற டைப்ல ரெண்டு மோட்டாருக்கு, மூணு ஃபிளாப் எங்க இருக்குன்னு திருப்பி சொல்றதுக்கு, அந்த மூணுல சிக்னல் ஒயர்ல வோல்டேஜ் ஃபிளாப் நகர நகர விட்டு விட்டு குதிக்காம சீரா மாறணும்.

புதுசு போட்டதும் கேலிபரேஷன் வேணும். பல வண்டில ஏசி ஃபியூஸ ஒரு நிமிஷம் உருவி திரும்ப போட்டு, சாவிய ஆன் பண்ணி எந்த பட்டனையும் தொடாம ரெண்டு நிமிஷம் விட்டா ஃபிளாப் அதுவா ரெண்டு முனைக்கும் போய் வந்து அளவு எடுத்துக்கும், சில வண்டிக்கு வண்டி கம்ப்யூட்டர படிக்கற ஸ்கேனர் வேணும். பேட்டரி மாத்தினதுக்கு அப்புறம் திடீர்னு ஒரு பக்கம் சூடாச்சுன்னு சொல்றவங்களுக்கும் முதல்ல இத பண்ணி பாருங்க, பல நேரம் இதோட முடிஞ்சுடும்.

ஆட்டோல மட்டும் தகராறு பண்ணினா

'லோ'ல ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு, ஆட்டோல 24 வச்சாதான் ஏடாகூடம்னா சென்சார பாருங்க. டேஷ்போர்ட் மேல கண்ணாடி ஓரமா பட்டன் மாதிரி இருக்கறது வெயில் சென்சார், சில வண்டில இது இடது வலது வெயில தனித்தனியா பாக்கும். நம்ம வண்டிங்கள்ல சரியா அது மேலதான் பிள்ளையார் உக்காந்திருப்பாரு, இல்லன்னா மேட் விரிச்சிருக்கும். சாமிய நாலு விரல் தள்ளி வைங்க போதும். ஸ்டியரிங் பக்கத்துல சின்ன கிரில் மாதிரி இருக்கறது கேபின் சென்சார், உள்ள இருந்து மெல்லிசா காத்த இழுத்துதான் அளக்கும், ஒரு துண்டு டிஷ்யூவ அது மேல வச்சா ஒட்டிக்கிட்டு நிக்கணும். விழுந்தா தூசி அடைச்சிருக்கு, அது டேஷ்போர்டோட சூட்ட அளந்து உங்கள விறைக்க வச்சுட்டு இருக்கும்.

மொத்த சென்சாரையும் ஒரே தடவையில பிடிக்கற வழி ஒன்னு இருக்கு, இதுக்கு மட்டும் ஏற்காடு நல்ல இடம். ராத்திரி மேல தங்கினா காலையில வெயில் படறதுக்கு முன்னாடி இஞ்சின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி ஸ்கேனர்ல வெளி சூடு, கேபின் சூடு, காயில் சூடு மூணையும் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில மூணும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கணும். ரெண்டு 17 காட்டி ஒன்னு மட்டும் 30 காட்டினா அந்த சென்சார்தான். இஞ்சின் எரர் கோடு மட்டும் படிக்கற சீப் ஸ்கேனர்ல ஏசி டேட்டா வராது, யார்கிட்டயாவது நல்லதா கேட்டு வாங்கிக்கங்க.

நேரத்துக்கு நேரம் மாறினா

ஓடறப்ப ஜில்லு, சிக்னல்ல நின்னா சூடுன்னா கண்டென்சர் ஃபேன், இல்ல கண்டென்சர்ல அடைஞ்ச புழுதி. தண்ணிய பின்னாடி இருந்து முன்னாடி மெதுவா விட்டு கழுவுங்க, பிரஷர் வாஷ கிட்ட வச்சா ஃபின் மடங்கிடும். அரை மணி ஓடினதும் நின்னு போயி, ஆறினதும் மறுபடி வருதுன்னா கம்ப்ரசர் கிளட்ச் (பெல்ட்டோட கம்ப்ரசர சேத்து பிரிக்கற காந்த தட்டு) கேப் அதிகமாயிருக்கலாம். ஆனா உங்க கம்ப்ரசர்ல 'டக்'னு சத்தமே வரலன்னா உடனே செத்துருச்சுன்னு நினைக்காதீங்க, கிளட்ச் இல்லாத டைப்பும் இருக்கு.

ஏற்காடு அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி ஏறறப்ப, முக்கியமா சின்ன இஞ்சின் வண்டில, நடுநடுவுல சூடு காத்து வர்றது பெரும்பாலும் கோளாறே இல்ல. ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சா இஞ்சினுக்கு பலம் விடறதுக்காக கம்ப்யூட்டரே கம்ப்ரசர கொஞ்ச நேரம் நிறுத்தும், இஞ்சின் சூடு எல்லை தாண்டினாலும் நிறுத்தும். ஒரு கியர் குறைச்சு, பாதி ஆக்சிலரேட்டர்ல ஏறி பாருங்க, குளிர் திரும்ப வந்துட்டா கேஸ் போட ஓடாதீங்க. டெம்பரேச்சர் முள்ளு மேல போச்சுன்னா மட்டும் ஓரமா நிறுத்தி கூலன்ட் பக்கத்த பாக்கணும், அது வேற விஷயம்.

வேலை முடிஞ்சதும் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒர்க்‌ஷாப் வாசல்ல மறுபடி அளந்துடுங்க. தேதி, வெளி சூடு, இடது, வலது, எத்தனை கிராம் போட்டாங்க, எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதி குளோவ் பாக்ஸ்ல வைங்க, அடுத்த சந்தேகம் வர்றப்ப அந்த சீட்டோட பக்கத்துல புது நம்பர எழுதி பாக்கலாம். என் சீட்டுல கண்டென்சர் மாத்தின அன்னைக்கு இடது 8, வலது 9னு இருக்கு, இந்த மார்ச்ல வெளிய 36 இருந்தப்ப மறுபடி அளந்தேன், இடது 8.5, வலது 9.